வெட்டுக்கோடு

பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன்.
பத்தே முக்காலுக்கே
பாமசிக்கு மேலே ஏறும் ஒடுங்கிய படிகளில்
கிற்றார்ப் பெட்டி சுவரில் இடிபடும் சத்தம்.
மெல்றோய். பேஸ் வாசிப்பவர்.
குழுவின் முதல் இசைத்தட்டுக்கு
ஆளுக்கொரு படம் வேண்டுமாம்.
பாடுகிறவன் நேற்றே வந்து
நாற்பது விதமாய்ச் சிரித்துவிட்டுப் போனான்.

இவர் கதிரை நுனியில் இருந்தார்,
அடையாள அட்டைக்கு இருப்பதுபோல்,
இரண்டு காதும் தெரிய.
"கொஞ்சம் இறுக்கமில்லாம இருங்க" என்றேன்.
இதைக் கேட்டு இளகியவர்
மட்டக்களப்பிலேயே ஒருவரும் இல்லை.
தோள் இன்னும் ஓர் அங்குலம் ஏறிற்று.

யன்னலைத் திறந்தால் கச்சான்
பின்திரையைத் தோணிப் பாயாக்கி ஊதுகிறது.
மூடினால் அவர் நெற்றி மினுங்குகிறது.
கீழே கல்முனை பஸ்
ஆட்களைக் கூவிக் கூவி ஏற்றுகிறது.

பிளேன்ரி கொடுத்தேன்.
"நன்றி மிஸ்."
மழை வருமோ என்றேன்.
"வராது மிஸ்."
எத்தனை வருசமா வாசிக்கிறீங்க?
"இருபத்திரண்டு மிஸ்."
ஒவ்வொரு பதிலும் சரியான சில்லறையாய்
எண்ணி வைக்கப்பட்டது,
ஒரு சதமும் கூடாமல்.

கமராவை முக்காலியில் விட்டேன்.
"பழைய படம் ஏதும் கிடக்கா,
எந்தப் பக்கம் நல்லா வரும் எண்டு பார்க்க?"
போனைத் துடைத்து நீட்டினார்.
ஒரு கல்யாண வீடு. நடுவில் பாடகன், வாய் திறந்தபடி.
டிரம்ஸ். கீபோர்ட்.
வலது ஓரத்தில் முழங்கை வரை ஒரு கை,
அதன் கீழ் நாலு தந்தி.
"இந்தா, இது நான்."
அடுத்ததில் அரைத் தோள்.
அதற்கடுத்ததில் சப்பாத்து மட்டும்.
குறை சொல்லும் குரல் இல்லை அது.
கடிதம் போட
விலாசம் சொல்பவரின் குரல்.

திரும்பவும் முதல் படத்துக்கு வந்தபோதுதான்
மூலையில் அந்தச் சின்ன வெள்ளை எழுத்துகளைக் கண்டேன்.
என் கடைப் பெயர்.

கல்லடி மண்டபம். ஆவணி மாதம்.
விடியப்புறம் நித்திரைக் கண்ணோடு
கணினியில் கோட்டை இழுத்தது இந்த விரல்தான்,
வலப்பக்கம் சும்மாதானே கிடக்கு என்று.

சொல்லாமலும் விட்டிருக்கலாம்.
வெளிச்சக் குடையைச் சரிசெய்கிற சாட்டில்
முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னேன்:
"இதை வெட்டினது நான்."

கச்சான் திரையை ஒருதரம் அறைந்து ஓய்ந்தது.
போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"அப்ப மிச்ச நான்
உங்களிட்டயா கிடக்கன்?"

கிடந்தார்.
பழைய ஹார்ட் டிஸ்கின் அடியில், முழு ஆளாய்.
தேட அரை மணித்தியாலம் பிடித்தது.
ஒரே திரைக்குள் இருவரும் குனிந்து
பலகாரத் தட்டு, கூறைச் சேலை,
யாருடையதோ அழுகிற பிள்ளை
எல்லாவற்றையும் தள்ளித் தள்ளிப் போனோம்.
கடைசியில் வந்தது:
கண் இரண்டும் மூடி, வாய் ஒரு பக்கம் கோணி,
புளித்த பாலைக் குடித்தவர் மாதிரி மெல்றோய்.

"ஐயோ, நீ வெட்டினது சரிதான் கா!"

எப்போது 'மிஸ்' விழுந்தது என்று
அவரும் கவனிக்கவில்லை.
"அப்பிடி என்ன வாசிச்சன் அண்டைக்கு?" என்று
தனக்குள் கேட்டுக்கொண்டே
பெட்டியைத் திறந்தார். வயரைச் செருகினார்.
பாட்டாக ஒன்றும் கேட்கவில்லை எனக்கு.
தேத்தண்ணியில் வளையம் எழும்பியது.
கதிரைக் கால் வழியே ஏதோ ஏறி
என் நெஞ்செலும்பில் குந்தியது.
மேசையில் வைத்த வில்லை மூடி
நடுங்கி நடுங்கி ஓரத்துக்கு நடந்தது.
"பிடி, பிடி!"
இருவரும் ஒன்றாய்ப் பாய்ந்தோம்.
மற்றக் கைக்குள் இருந்த றிமோட்டை
நான் அமத்தினேனா, அது தானாய் அமர்ந்ததா,
இப்போதும் தெரியாது.

அதற்குப் பிறகு நூற்றுப் பதினாறு படம் எடுத்தோம்.
நல்ல வெளிச்சம். நல்ல முகம்.
அவர் எடுத்துப் போனது அந்த ஒன்றைத்தான்:
கமராவைப் பாராத கண், பாதிச் சிரிப்பு,
விழப்போகும் கறுப்பு மூடி,
வலது ஓரத்தில் என் முழங்கை.

இரவு பாடுகிறவன் போன் எடுத்தான்.
"அக்கா, அது ஆர்ர கை?
அதை வெட்டிப்போட்டு அனுப்புங்களன்."
அவனுக்குப் பின்னால், தூரத்தில்,
தாழ்ந்த ஒரு குரல் கேட்டது:
"சும்மா கிடக்கட்டும்டா."