பக்கம் நாற்பத்தேழு, வரி பன்னிரண்டு

மேல்முறையீட்டில் யாரும் கூண்டில் ஏறுவதில்லை.
மழை வராது, லோரி வராது,
ஜெலுத்தோங் சாலையின் அணைந்த விளக்குக் கம்பம் வராது.
நான்கு கட்டுக் காகிதம் வரும்.

பினாங்கு உயர்நீதிமன்றத்தில்
குளிர்சாதனத்துக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தேன்,
அடுத்த வழக்குக்கு மொழிபெயர்க்க.
"பக்கம் நாற்பத்தேழு, வரி பன்னிரண்டு, யாங் அரிஃப்"
என்றார் காப்புறுதி நிறுவனத்தின் வக்கீல்.
அது என் வரி.

மூன்று வருடத்துக்கு முன், கீழ்க்கோர்ட்டில்,
காவலாளி சங்கிலிமுத்து,
இரவு வேலை முடித்து
விடியாத ஐந்து மணிக்குக் காப்சாயில் திரும்பியவர்,
வலது முட்டிக்குக் கீழே இப்போது இல்லாதவர்,
சொன்னது இவ்வளவுதான்:
"லோரி நின்னத நான் கவனிக்கலம்மா."

மணி பன்னிரண்டரை.
நீதிபதி பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார்.
'நம்பாக்' என்று போட்டிருக்கலாம்.
கண்ணில் படவில்லை; பழி இருட்டுக்கும்
பின்விளக்கு எரியாத லோரிக்கும் போயிருக்கும்.
'பெர்ஹாத்தியான்' என்று போட்டேன்.
கவனம் செலுத்தவில்லை.

தகுந்த கவனம் எடுத்தாரா,
நியாயமான மனிதன் ஒருவன் அந்த இடத்தில்
என்ன செய்திருப்பான் என்று கேட்டார்கள்.
அந்த மனிதனை இருபத்தோரு வருடமாகத் தெரியும் எனக்கு.
எல்லா வழக்கிலும் வருவான்.
இரண்டு வேலை பார்க்காதவன்,
மழைக்கோட்டு கிழியாதவன்,
எந்த இருட்டிலும் லோரி தெரியும் அவனுக்கு.
பன்னிரண்டரைக்குப் பசிக்காது.

ஆஸ்பத்திரியில் நல்லா கவனிச்சாங்க என்கிறோம்.
கல்யாணத்துக்குப் போனேன், ஒருத்தரும் கவனிக்கல என்கிறோம்.
ஃபைல் நகரணும்னா கொஞ்சம் கவனிக்கணும் என்று
கண்ணடிக்கிறோம்.
இத்தனையும் அந்தச் சொல்லின் சட்டைப்பையில் கிடந்தன.
நான் கைவிட்டு எடுத்தது ஒன்று.

அவர் பங்குத் தவறு இருபது விழுக்காடு,
ஐம்பது ஆனது.
என் வரிக்காக மட்டும் என்று தீர்ப்பில் இல்லை.
வேறு காரணங்களும் வாசித்தார்கள்.
நான் கேட்கவில்லை.
இல்லை, கவனிக்கவில்லை.

வாசலில் நின்றிருந்தார்.
"என்னம்மா சொன்னாங்க?"
"பாதி உங்க தப்பாம்."
"பாதியா?"
குனிந்தார். செயற்கைக் காலைப் பார்த்தாரோ,
அதற்கு மாட்டியிருந்த செருப்பையோ.
"சரி. நீங்க சாப்டீங்களா?"

நாற்பத்தேழாம் பக்கத்தைச் சொல்ல வாயெடுத்தேன்.
தூற ஆரம்பித்தது.
லைட் ஸ்ட்ரீட்டைக் கடக்கவேண்டும்.
அவர் கைத்தடியை நீட்டி
ஒரு வெள்ளை மைவியை நிறுத்தினார்.
"பாத்து வாங்கம்மா."

பாத்து.
இதற்கு மலாயில் என்ன போடுவது என்று
நடுரோட்டில் நின்றுவிட்டேன்.
ஹாரன் அடித்தார்கள்.