நாற்பத்தொன்றாவது கட்டத்தில்

படகிலிருந்து இறங்கும்போதே தெரிந்துவிட்டது
எல்லோரும் பாடிப் பழகியவர்கள் என்று.
காதில் செருகிய பென்சிலோடு
பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

ஹீயுமா தீவில், கோடைக்குப் பூட்டிய பள்ளிக்கூடம்.
சிறுபிள்ளை நாற்காலிகளில்
முழங்கால் முகவாயை இடிக்க முப்பத்தாறு பேர்.
பதினைந்து வருடமாவது பாடியிருந்தால்தான் சேர்ப்பார்களாம்.
எனக்கு இருபத்தெட்டு:
பகலில் தார்த்துவின் பால் பரிசோதனைக்கூடம்,
செவ்வாய் மாலைகளில்
ஆல்டோ வரிசை, இடமிருந்து மூன்றாவது.

நடத்துநன் கவுப்போவுக்கு என் மகன் வயது.
முதல் வேலையாக வரிசையைக் கலைத்தான்.
ஒரே குரல்காரர்கள் அருகருகே நிற்கக்கூடாது என்று
சீட்டுக்கட்டைப் போல எங்களைக் குலுக்கிப் போட்டான்.
எனக்கு இடப்பக்கம் சோப்ரானோ, ஒரு பல் மருத்துவர்.
வலப்பக்கம் ஹெல்டூர், பாஸ்,
கப்பல் இயந்திர அறையில் முப்பது வருடம் இருந்தவர்.

அன்றைக்குத்தான் தெரிந்தது
இத்தனை வருடமும் நான் பாடவில்லை,
மைமுவின் மேல் சாய்ந்திருந்தேன் என்பது.
மைமு இந்த வாரம் தன் தோட்டத்தில்
பழம் பறித்துக்கொண்டிருக்கிறாள்.
என் சுருதி ஒற்றைக்காலில் நின்றது.

செவ்வாய், மூச்சு.
இதுகூடவா தெரியாது என்று பின்வரிசையில் முணுமுணுப்பு.
"நாற்பத்தொன்றாவது கட்டம் தொடங்கி
பதினாறு கட்டம் ஒரே சுரம்.
எந்த நெஞ்சும் தாங்காது. திருடத்தான் வேண்டும்.
பக்கத்து ஆள் திருடும்போது நீங்கள் திருடாதீர்கள்.
சொல்லின் நடுவில் திருடுங்கள்,
முடிவில் வேண்டாம்,
எல்லோரும் கை வைப்பது அங்கேதான்."

இரவு பதினொன்றரைக்கும் வெளிச்சம்.
ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு
வகுப்பறைத் தரையில் படுத்தோம்.
கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு பாதியில் நின்றது.
அடுத்த அறையில் ஒரு டெனரின் குறட்டை.
"கொஞ்சம் இறங்கிய எஃப்" என்றாள் பல் மருத்துவர், இருட்டே இல்லாத இருட்டில்.

புதனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மழை.

வியாழன்தான் கவனித்தேன்.
ஹெல்டூரின் வாய் திறக்கிறது,
தாடை முறையாக இறங்குகிறது,
தாளில் குறித்த இடத்தில் சரியாக மூச்சும் எடுக்கிறார்.
ஒலி மட்டும் இல்லை.
அருகில் நிற்பவளுக்குத்தான் தெரியும்,
ஒரு பாஸ் பாடினால் பக்கத்துத் தோள் அதிரும்.

பாத்திரம் கழுவும் முறை எங்களுக்கு வந்தது.
"எத்தனை நாளாக?"
துடைத்த தட்டையே மறுபடி துடைத்தார்.
"மூன்று வருடம். கழுத்தில் அறுவை.
மேலே கொஞ்சம் மிச்சமிருக்கிறது,
கீழே துடைத்து எடுத்துவிட்டார்கள்."
"பிறகு ஏன் இங்கே?"
"ஏப்ரலிலேயே பணம் கட்டிவிட்டேன்."
அடுத்த தட்டை எடுத்தார்.
"நீ இன்னும் சொல்லின் முடிவில்தான் திருடுகிறாய்."

சோப்பு நுரையோடு நின்றேன்.

யாரிடமும் சொல்லவில்லை, நான் அவரை, அவர் என்னை.
வெள்ளி ஒத்திகையில் நாற்பத்தொன்றாவது கட்டம் வந்ததும்
என் முழங்கையில் ஒரு இடி.
இப்போது, என்றது அது.
பாடாத ஆளுக்குக் கேட்க நேரம் இருக்கிறது,
முப்பத்தைந்து பேரில் யார் எப்போது விடுவார்கள் என்று
மனப்பாடம் அவருக்கு.

சனி மாலை, கல் தேவாலயம்.
சைக்கிளில் சுற்ற வந்த ஜெர்மானியர் சிலர்,
தபால்காரி, உள்ளூரார், இரண்டு நாய்.
மெழுகுவர்த்தி தேவைப்படாத ஒளி.
இடி வந்தது. ஒரு சொல்லின் வயிற்றில் மூச்சு எடுத்தேன்.
சுரத்துக்கு அந்தச் சங்கதி தெரியவே இல்லை,
அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"பாஸ் வரிசை இன்று அருமை" என்றான் கவுப்போ.
ஹெல்டூர் தலை குனிந்து நன்றி சொன்னார்.
நான் இருமுவதுபோல் சிரித்துச் சமாளித்தேன்.

ஞாயிறு, திரும்பும் படகு.
மேல்தளத்தில் காற்று தாள்களைப் பிடுங்கப் பார்த்தது.
ஹெல்டூர் என் கையைப் பிடித்து
இரும்புக் கைப்பிடியில் பதித்தார்.
கீழே எங்கோ இயந்திரம் ஓடுவது
உள்ளங்கையில் ஏறி முழங்கைவரை வந்தது.
"இதுதான் அந்தச் சுரம்" என்றார்.
"இன்று சரியாக இருக்கிறது."

பிறகு காப்பி வரிசை நீளும் முன்
போகவேண்டும் என்று கீழே இறங்கினார்.