நாற்பத்து மூன்றாம் மேசை

மேலே ஓடிய கால்கள்தான் எனக்குக் கேட்டது.
பிறகு தட்டுகள் வந்தன,
முழுசு முழுசாக ஹாலிபட் மீன்.
சுரண்டிச் சுரண்டிக் கை ஓய்ந்தது.

அலாஸ்காவின் பனிப்பாறை ஒன்று
உடைந்து கடலில் விழுந்ததாம்.
முள்கரண்டியைப் போட்டுவிட்டு
கூடமே ஜன்னலுக்குப் போயிருக்கிறது,
பதினோரு நிமிடம்.

திரும்பி வந்த திருமதி ஹால்வர்சன்
ஒரு வாய் வைத்துவிட்டு,
"ஆறிப்போச்சு" என்றாராம்.
மன்னிக்கவும் என்றிருக்கிறான் ரொடேலியோ.
வேறு தட்டு போனது.
அது நாக்கைச் சுட்டது.
அதற்கும் மன்னிக்கவும்.

கடைசி இரவு அட்டையில்
உணவுக்கு ஆறு, உபசரிப்புக்கு ஏழு.
ஒன்பதுக்குக் கீழே போனால்
ஜன்னலோர மேசைகள் போய்விடும்.
இனி அவனுக்குச் சமையலறைக் கதவோரம்,
டிப்ஸ் எட்டிப் பார்க்காத இடம்.

நள்ளிரவு. நீர்மட்டத்துக்குக் கீழே
நின்றபடியே சாப்பிடுகிறோம்,
சோறும் கருவாடும்.
ஆவி பறக்கிறது,
யாரும் மதிப்பெண் கேட்கவில்லை.

"விழுந்ததை நீ பார்த்தியா?"

"ஜன்னலுக்கு முதுகு காட்டித்தானே நிற்கணும், காடெக்.
கையில் இருந்த எஃகு மூடியில் பார்த்தேன்.
இத்தனூண்டு. வளைஞ்சு.
சத்தம் மட்டும் முழுசா."

மென்றான். பானையை எட்டிப் பார்த்தான்.
"அடியில் ஒட்டினது இருக்கா?"