விபத்து நடந்த இடம்

என் மேசைக்கு வருவது விழுந்தவர்களின் படிவங்கள்.
குளியலறையில் வழுக்கியவர்,
திரைச்சீலை மாட்டக் கதிரையில் ஏறியவர்,
சீஸ் வெட்டப்போய் விரலை வெட்டியவர்.
சைக்கிளும் வரும்.
கதிரை அளவுக்கு இல்லை.
என் மேசையில் என்றுதான் சொல்கிறேன்,
முழு பேர்ன் நகரத்துக்கும் நான் கணக்குப்பிள்ளை இல்லை.

இருந்தும் வாங்க்டோர்ஃப் சந்தியில்
பின்னால் ஒரு லொறி மூச்சு விட்டால்
முதுகில் ஒரு கண் திறக்கிறது.
எட்டு வருடமாகத் திறக்கிறது.
அரண்டவள் முதுகுக்கு
உறுமுவதெல்லாம் லொறி:
குப்பை வண்டி, பஸ், ஒருமுறை வெறும் காற்று.

ரெகூலா காரில் வருகிறவள்.
"உனக்குப் பயமில்லையா?" என்று
குதியுயர்ந்த சப்பாத்தோடு, கைபேசியைப் பார்த்தபடி,
மாடிப்படி இறங்கிக்கொண்டே கேட்பாள்.
அந்தப் படியின் கோப்பு எண்
எனக்கு மனப்பாடம். சொன்னதில்லை.

மஞ்சள் கோட்டுக்குள் ஏறிவிட்டால்
வீட்டுக்குள் வந்த மாதிரி இருக்கும்.
நகத்தின் கனம்கூட இல்லாத பெயின்ற்.
கார்க்கதவுகள் திறப்பதும் அதற்குள்தான்.

பங்குனியில் ஒரு செவ்வாய். தூறல்.
விழுந்தது சந்தியில் இல்லை.
மீக்ரோ வாசலில்,
எங்கள் யன்னல் தெரிகிற தூரத்தில்,
நடக்கிற வேகத்தில்,
இரவுக்கு லீக்ஸ் வாங்குவதா என்று யோசித்தபடி.
தபால் பெட்டி கடிதத்தை வாங்குவதுபோல
ட்ராம் தண்டவாளம் முன்சில்லை வாங்கிக்கொண்டது.

கன்னத்தில் இரும்பின் குளிர்.
பின்னால் அதே மூச்சு.
வந்துவிட்டார், நினைத்தேன்,
எட்டு வருடம் எதிர்பார்த்த விருந்தாளி.

லொறி நின்றது.
தெருவை அடைத்துக் குறுக்கே நின்றது,
விளக்கெல்லாம் மினுக்கிக்கொண்டு,
எனக்கென்று கட்டிய மதில்போல.
இறங்கியவர் சட்டையில் பெஸ்னிக் என்று தைத்திருந்தது.
என் மூக்குக்கண்ணாடியைப் பொறுக்கித் தந்தார்.
ஒன்பதாம் இலக்க ட்ராமை
உள்ளங்கையால் நிறுத்திவைத்தார்.
பிறகு தண்டவாளத்தைக் காலால் தட்டி,
அடித்த பாம்பைக் காட்டுகிற மாதிரி,
"இதுதான்" என்றார்.

மணிக்கட்டில் மாக்கட்டு.
என் படிவத்தை ரெகூலாதான் நிரப்பினாள்.
"லொறிதானே?" என்றாள்,
பேனா பாதி எழுதிவிட்டிருந்தது.
இல்லை என்றேன்.
மனமில்லாமல் வெட்டினாள்.

ஆறு கிழமை கழித்து அதே வழி.
தண்டவாளத்தில் சில்லை நேர்குறுக்காகப் பிடிக்கிறேன்,
பயத்தில் அல்ல, மணிக்கட்டு சொல்வதால்.
வாங்க்டோர்ஃபில் ஒரு லொறி மூச்சு விடுகிறது.
முதுகில் கண் திறக்கிறது.
பெஸ்னிக்காகவும் இருக்கலாம்.
திரும்பிப் பார்க்கவில்லை.