பதினேழாவது வரி

கண்ணாடி, பச்சை, நான்கு. டிரான்ஸ்பரண்ட்.
இப்படித்தான் அடித்திருந்தேன்.

காரைக்குடியில் பழைய சாமான் கடைக்கு
ஏற்றுமதிப் பட்டியல் அடிப்பவள் நான்.
பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
சொல்லுக்குத் தனிக் கூலி கிடையாது.

மறுநாள் மெயில் வந்தது ஆன்ட்வெர்ப்பிலிருந்து.
படத்தில் கண்ணாடிக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்
யாரென்று தெரியவில்லை
ஆகவே டிரான்ஸ்லூசண்ட் என்று திருத்தவும்.

ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்
என்றார் ஜபருல்லா பாய்
பஜ்ஜியைப் பிட்டபடி.
அவர் கையிலேயே இருந்தது அகராதி:
எண்ணெய் ஊறிய தினசரித் தாள்.
பின்பக்கத்துக் கண்ணீர் அஞ்சலி
இடவலம் மாறி மங்கலாய்த் தெரிந்தது.
போட்டோ இருக்கிறது, பாய்
செத்தது யாரென்று சொல்லுங்கள் பார்ப்போம்.

தாளை வெளிச்சத்தில் பிடித்தார்
வாயை மூடாமல்.
அப்ப அந்த முட்டைச் சுண்ணாம்புச் சுவர்?
முகமே தெரியுமே அதில்.
அது வந்த ஒளியை வாசலோடு திருப்பி அனுப்புகிற ரகம்.
தண்ணீர்?
ஊருணியா, குழாயா, அதைச் சொல்லுங்கள் முதலில்.
என் கணக்கு நோட்டு?
அது கருங்கல்.
சிரித்ததில் புரையேறிவிட்டது அவருக்கு.

பள்ளியில் படித்தோம், ஒளி கசியும் பொருள் என்று.
எழுதிவைத்து மார்க் வாங்கினேன், யோசித்ததில்லை.
கசிவது ஓட்டை அல்ல.
கசிகிற பானையில்தான் தண்ணீர் குளிரும்.
வெளிச்சம் வரும்
சேதி வராது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
பச்சையாய் ஒரு பெண்.
கன்னத்தில் கை வைத்திருக்கிறாள்
அல்லது காதில் போன்.
தோள் குலுங்கியிருக்கிறது
அல்லது கேமரா.

கையெழுத்து வாங்க கானாடுகாத்தானுக்கு
நானே போனேன், பஸ்ஸில்.
விற்றவர் பெயர் சிகப்பி.
ஐம்பது வயதிருக்கும்
கோயம்புத்தூரில் ஆடிட்டராம்
நாலரை மணி ரயிலைப் பிடிக்க வேண்டுமாம்.

கண்ணாடி கழற்றிய ஜன்னலில்
மரச்சட்டம் மட்டும்.
இதுவரை பச்சையாய் மட்டுமே கிடந்த தரையில்
வெயில் வெள்ளையாய், கூச்சமில்லாமல்.
கண்ணைச் சுருக்கிக்கொண்டு
எங்கே போடணும் என்றார்.

இங்கே என்றேன்.
எதிரெதிரே இரண்டடி
நடுவில் ஒன்றுமில்லை
மூக்குத்திக்குக் கீழே இருந்த மரு வரை தெரிந்தது.

வருத்தமா என்று கேட்க நினைத்து
பேனா எழுதுதா என்று கேட்டேன்.
எழுதுது என்றார்.

திரும்பும் பஸ்ஸில்
முன் கண்ணாடியெல்லாம் செம்மண் புழுதி.
டிரைவர் ஒருமுறைகூடத் துடைக்கவில்லை
எப்படியோ ஊர் வந்துவிட்டது.

பதினேழாவது வரியைத் திருத்தினேன்.
எழுத்துப்பிழை இருக்கிறதா என்று
இரண்டு முறை பார்த்தேன்.
இல்லை.