மூன்றாவது எண்

ஜெலுத்தோங், பதினோராவது மாடி.
குளியலறை மூலையில்
சிவப்பு பேசின் தண்ணீருக்குள் உட்கார்ந்திருக்கிறது
வெள்ளை வாளி,
தோளில் ஈரத்துண்டோடு,
காய்ச்சல்காரனைப் போல.

காலையும் இரவும் ஐஸ் போத்தல் மாற்றினோம்.
ஈஸ்ட் பாக்கெட்டில் போட்டிருக்கும் பதினெட்டு டிகிரி
பினாங்கில் எந்த மாதம் வரும் என்று
பெங் ஹுவாட் கடைக்காரரிடமே கேட்டான்.

முதல் மூன்று நாள்
மூடியில் செருகிய குழாய் பேசிக்கொண்டே இருந்தது.
ப்ளுக். ப்ளுக்.
பல் விளக்கியபடி எண்ணினேன்,
நிமிடத்துக்கு நாற்பது.
நைட் ஷிப்ட் முடிந்து வந்த ஒரு காலையில் நான்கு.
ஆறாம் நாள்
ஒன்றுமில்லை.

"சுடா," என்றான். ஆகிவிட்டதாம்.
முப்பது பெரிய போத்தல்கள்,
காப்பிக்கடைகளில் கேட்டு வாங்கியவை,
லேபிள் சுரண்டிக் கழுவி
கவிழ்த்து வைத்திருந்தான்.
ஞாயிற்றுக்கிழமை ஜொகூர் பஸ்.
புது வேலை, புது வாடகை அறை.
அதைப் பற்றி அவன் பேசவில்லை.
போத்தலைப் பற்றித்தான் பேசினான்.

பாயான் லெப்பாசில் என் வேலை
அழுத்தமானிகளைச் சரிபார்ப்பது.
முள் பூஜ்யத்தில் நிற்கிறது என்பதற்காக
உள்ளே ஒன்றுமில்லை என்று
கையெழுத்துப் போடுகிறவன் இல்லை நான்.
மூடியைச் சுற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவினேன்.
கைப்பிடிக்குப் பக்கத்தில்,
ரப்பர் வளையம் மடங்கிக் கிடந்த இடத்தில்,
பொடிப்பொடியாய் நுரை கிளம்பியது.
பேச்சு நிற்கவில்லை.
வேறு வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

கண்ணாடிக் குழலில் ஊற்றி
அடர்த்திமானியை மிதக்கவிட்டேன்.
ஒரு சுழற்று, ஒட்டிய குமிழ்கள் உதிர.
குனிந்து, கண்ணை மட்டத்துக்கு இறக்கிப் படித்தேன்:
ஆயிரத்துப் பதினெட்டு.
தொடங்கும்போது ஆயிரத்து நாற்பத்தெட்டு.
"இன்னும் சீனி இருக்கு. இப்ப அடைச்சா
முப்பதும் வெடிக்கும்."
"உனக்கு எதைத் தொட்டாலும் வெடிக்கும்."

குழலில் எடுத்ததைத் திரும்ப ஊற்றக்கூடாது.
ஆளுக்குப் பாதி குடித்தோம்.
வெதுவெதுப்பாய், நுரையில்லாமல்,
நனைந்த ரொட்டியும் பச்சை ஆப்பிளும்.

மறுநாள் பதினான்கு.
அதற்கு மறுநாள் பன்னிரண்டு.
ஆப்பிள் போய்விட்டிருந்தது.
பின்நாக்கில் ஒரு கசப்பு
உட்கார இடம் பார்த்தது.
அளந்து அளந்தே ஒரு போத்தல் போச்சு என்று
முப்பதாவதைத் தனியே எடுத்து
சன்னலோரம் வைத்தான்.

சனிக்கிழமையும் பன்னிரண்டு.
"ரெண்டு தடவை ஒரே எண். போதாதா?"
"இன்னும் ஒண்ணு. நாளைக்கு."
"நாளைக்கு நான் எங்கே?"
என்னிடம் அதற்கு எண் இல்லை.
ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று
ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.
லிஃப்ட் வேலை செய்யவில்லை.
பதினோரு மாடியும் இறங்கும்போது
போத்தலில் அடைத்திருக்கலாமோ என்று
ஏழாவது மாடியில் ஒரு தடவை நின்றேன்.

ஞாயிறு காலை ஏழரை.
அவன் அறைக்கதவு திறந்து கிடந்தது,
மெத்தையில் விரிப்பு இல்லை.
குளியலறையில்
துண்டு புதிதாய் நனைந்திருந்தது.
பேசினில் புது ஐஸ் போத்தல், இன்னும் கரையாமல்.
தொட்டி விளிம்பில் கண்ணாடிக் குழல்,
உள்ளே பாதி.

பாதியில் மானி மிதக்காது.
எண்ணை எங்கும் எழுதி வைக்கவில்லை.
போன் போட்டேன், எடுக்கவில்லை,
சுங்கை நிபோங் தாண்டித் தூங்கியிருப்பான்.

இன்னொரு குழல் எடுத்துப் பார்த்திருக்கலாம்.
வேலையிடத்தில் அப்படித்தான் செய்வேன்.
குழலிலிருந்த என் பாதியைக் குடித்தேன்.
அடுப்பில் தண்ணீர் வைத்து
போத்தலுக்கான சீனியை அளந்து போட்டேன்.
இருபத்தொன்பது போத்தலுக்கு.
உள்ளே போய் அது மறுபடி கொஞ்சம் பொங்க வேண்டும்,
இரண்டு வாரம், மூடிய இருட்டில்.

சீனி கரைந்துகொண்டிருந்தபோது
வெயில் குளியலறைச் சன்னலுக்கு ஏறியது.
ப்ளுக்.

சூட்டில் கிளம்பிய பழைய வாயு.
வேறொன்றுமில்லை.
கரண்டியைக் கையில் பிடித்தபடி
அடுத்ததற்காகக்
கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.