ஒட்டுக்குக் கீழே

ஓசூர்ச் செடி, நூற்றி இருபது ரூபாய்.
கோட்டையூர் முக்கில் டெம்போவை நிறுத்திவிட்டு
சேசுராஜ் சொன்னான்:
இந்த முடிச்சு மண்ணுக்கு மேலே தெரியணும் அண்ணே.
இதுக்குக் கீழே எது துளிர்த்தாலும்
பிய்ச்சு எறிஞ்சிருங்க.
வெட்டினா மறுபடி வரும்.

பின்கட்டில் கடப்பாரை போட்டேன்.
ஒரு முழம் செம்மண், அப்புறம்
டங்கென்று செம்பராங்கல்.
இரண்டு நாள் உடைத்தேன்.
ஆட்டுப்புழுக்கை, வேப்பம் புண்ணாக்கு, ஒரு சட்டி மணல்.
போர்த் தண்ணீர் உப்பு என்பதால்
முற்றத்தில் கொட்டிய ஐப்பசி மழையைக்
கிடாரத்தில் பிடித்துச் செம்பு செம்பாக ஊற்றினேன்.
கிடாரத்தின் கழுத்தில் வெட்டியிருப்பது
என் இனிஷியல்தான்,
பதினான்கு வயதிலிருந்து.

நாச்சியாபுரத்தில் நான் வயிரவன்.
மஞ்சள் தண்ணீர் குடித்த காலையோடு
இந்த வீட்டு முத்துக்கருப்பன்.
யாரும் ஒரு குறை வைக்கவில்லை.
சோற்றில் நெய், சைக்கிள், கணக்குக்கு டியூஷன்.
தலை துவட்டும்போது மட்டும் ஆத்தா
இரவல் வாங்கிய பாத்திரத்தைத் துடைப்பது போல
அத்தனை பத்திரமாகத் துடைப்பாள்.

மூன்றாம் மாதம் மஞ்சளாய் ஒரு பூ.
பினாங்கில் இருக்கும் மகளுக்கு அனுப்ப
சிகப்பி போனில் படம் எடுத்தாள்.
படத்தில்தான் பார்த்தேன்,
முடிச்சுக்குக் கீழே ஒரு குச்சி.
ஏழேழு இலையாக,
பூவைவிட ஒரு சாண் உயரமாக.

"பிய்க்கலையா?" என்றாள்.

குனிந்து பிடித்தேன்.

ஆத்தா போனபிறகு பெட்டகத்தில் கிடைத்தது
ஒரு வெள்ளி அரணாக்கொடி.
என் இடுப்புக்கு என்றைக்கும் ஆகியிருக்காத அளவு.
எந்தப் பிள்ளை, எத்தனை நாள் இருந்தது?
கேட்க அப்பச்சியும் இல்லை.
ஊரார் கொப்பைத் தலையில் சுமந்து
வருஷம் முழுக்கப் பூக்கவைக்கிற வேருக்கு
தனக்கென்று ஒன்று
தோன்றாதா?

விட்டால் மஞ்சளுக்குச் சத்து போய்விடும்.
அதுவும் தெரியும்.

பிய்த்தேன்.
தோலோடு வந்தது, நூல் போல ஒரு வெள்ளை வேரும்.
எறியவில்லை.
பெயிண்ட் வாளியில் ஓட்டை போட்டுக்
கிணற்றடியில் வைத்திருக்கிறேன்.
முப்பத்தெட்டு நாள்.
நாலு இலை உதிர்ந்து
இரண்டு வந்திருக்கிறது.

என்ன நிறத்தில் பூக்கும் என்று கேட்டால்
சேசுராஜ் சிரிக்கிறான்:
அதைப் பூக்கிற வரைக்கும்
யாருண்ணே விட்டு வச்சா?